ஊசி டப்பா சீக்கிரம் நிறைகிறது

மே 28, புதன்

சர்க்கரை அளவை மட்டும் தினமும் எழுதிவரச் சொன்னார் டாக்டர். துணிக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. ஒரு நாளுக்கு ஒரு முழுப் பக்கம் விட்டிருக்கிறார்கள். ஓர் எண்ணை எழுதிவிட்டு மீதியை வெறுமனே விட எனக்கு மனசு வரவில்லை.

வெறும் வயிற்றில் 212.

போன வருஷம் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தையல் போட்ட இடம் சீழ் பிடித்து ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது அந்தத் தழும்பின் மேலேயே ஒரு வீக்கம். நின்றால் வருகிறது, இருமினால் வருகிறது, படுத்தால் காணாமல் போகிறது. குடலிறக்கம் என்கிறார். "இறங்கவே இல்லீங்களே டாக்டர், முன்னாலதானுங்க வருது" என்றேன். சிரித்தார். வயிற்றுச் சுவரில் தையல் விட்டுப்போய், அந்தச் சந்து வழியாகக் குடல் எட்டிப் பார்க்கிறதாம். வலை வைத்துத் தைக்க வேண்டும். ஆனால் சர்க்கரை இறங்காமல் கத்தியைத் தொட மாட்டேன் என்கிறார். அதற்காக இன்சுலின். என் வயிற்றில் நானே குத்திக்கொள்ள வேண்டும், வீக்கத்தை விட்டுத் தள்ளி.

அப்புறம் நர்ஸ் பெண் பிடித்துக்கொண்டாள். பெல்ட் கட்ட வேண்டும். குடம் தூக்கக் கூடாது. குனியக் கூடாது. முக்கக் கூடாது. இருமல் வந்தால் கையால் வயிற்றை அழுத்திக்கொள்ள வேண்டும். வீக்கம் உள்ளே போகாமல் கல்லாக நின்று, வாந்தியும் வந்தால் அந்த நிமிஷமே ஓடி வர வேண்டும். "போட்ட ஊசியக் குப்பைல போட்றாதீங்கம்மா. குப்பை எடுக்கறவங்க கையில குத்திரும். கெட்டியான டப்பால போட்டு, நெறஞ்சதும் டேப் ஒட்டி எங்ககிட்டயே குடுத்துருங்க."

இவ்வளவையும் கேட்டுவிட்டு வெளியே வந்தால், என் வீட்டுக்காரர் "என்ன சொன்னாங்க?" என்கிறார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

மே 31, சனி

ஊறுகாய் டப்பாவைக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஊசி டப்பா ஆக்கிவிட்டேன். குளியலறை அலமாரியில் இருக்கிறது. தென்னைமரத்தடியில் புதைத்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறார் இவர். நாளைக்கு இளநீர் குடிக்க வேண்டாமா?

இன்று தண்ணீர் விட்டார்கள். திருப்பூரில் இருந்துகொண்டு தண்ணீர் வருகிற நாளில் குடம் தூக்காதே என்றால் என்ன செய்வது? எல்லாக் குடத்தையும் மேனகாதான் தூக்கினாள். கம்பெனிக்கு லேட் ஆகிவிட்டது, முகம் கோணவில்லை. நல்ல மருமகள்தான், இல்லை என்று சொல்லவில்லை.

குழாயடியில் பக்கத்து வீட்டு ரங்கநாயகி என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "என்ன துளசியக்கா, விசேஷமுங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மேனகா மட்டும் குடத்தோடு உள்ளே போய்விட்டாள். கேட்டது என்னை. அவளுக்கு ஏன் முகம் சுண்ட வேண்டும் என்று புரியவில்லை.

கல்யாணமாகி வந்த இந்த ஏழு வருஷத்தில் நான் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் தலைக்குக் குளிக்கிற தேதிக்குக் காலண்டரில் ஒரு புள்ளி வைக்கிறேன், அவ்வளவுதான். அதுகூட ஒரு ஞாபகத்துக்கு.

ஜூன் 3, செவ்வாய்

198. ஊசி வலிக்காமல் போட ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, மூச்சை விடும்போது சட்டென்று குத்த வேண்டும். யோசித்தால் வலிக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

ஒன்று புரியவில்லை. நான் காலையில் ஓர் ஊசி, பொழுதோட ஓர் ஊசி போடுகிறேன். டப்பா அதற்குள் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

இவரைக் கேட்டேன். "நீ ரெண்டு தடவ போட்டுட்டு மறந்திருப்ப" என்றார். மறந்து இரண்டு தடவை போட்டிருந்தால் நான் இந்நேரம் மயங்கி விழுந்திருக்க மாட்டேனா? இவருக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

மேனகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கிறாள். வாயுவாம். ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். பிறகு பார்த்தால் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஓம வாசனை.

ஜூன் 10, செவ்வாய்

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் ஊசி தம்மாத்துண்டு, ஆரஞ்சு மூடி. உள்ளே நீளமான ஊசிகளும் கிடக்கின்றன, வேறு நிறத்தில். இது என்னுடையது இல்லை. என் வீட்டுக் குளியலறையில் வேறு யார் ஊசி போடுகிறார்கள்?

இவரா? கொசு கடித்தாலே கத்துகிற மனுஷர். மேனகாவா? அவளுக்கு என்ன சீக்கு, கல்லு மாதிரி இருக்கிறாள்.

ஜூன் 11, புதன்

எழுதவே கை வரவில்லை. காலையில் பேப்பரில் போட்டிருந்தான். படித்த பையன்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், போதை ஊசி போட்டுக்கொண்டு பிடிபட்டார்களாம்.

என் பையன் பூபதி ஒரு மாதமாகச் சரியில்லை. பனியன் கம்பெனியில் வேலை அதிகம் என்கிறான். சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான். தினமும் இருட்டுகிற நேரத்துக்கு எங்கிருந்தாலும் ஓடி வந்து அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். மேனகாவும் உள்ளேதான் இருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வரும்போது இவன் முகம் வெளிறிப்போய், நெற்றியெல்லாம் வேர்த்திருக்கிறது. இன்று அவர்கள் அறைக் குப்பைக்கூடையில் ரத்தம் பட்ட பஞ்சு பார்த்தேன்.

பாவி, அவளும் உடந்தையா? இல்லை, புருஷனைக் காட்டிக்கொடுக்க முடியாமல் தவிக்கிறாளா? அதனால்தான் முகம் அப்படி இருக்கிறதா? இவரிடம் சொன்னால் ஊருக்கே கேட்கும்படி கத்துவார். சர்க்கரை பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது.

ஜூன் 13, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு எலுமிச்சம்பழம் தேடினேன். பிரிட்ஜில் அடித்தட்டுக்கு நான் போய்ப் பல மாதம் ஆகிறது. குனிந்தால் வயிறு பிதுங்கும், காய்கறியெல்லாம் மேனகாதான் எடுத்துத் தருவாள். இன்று முக்காலியைப் போட்டு உட்கார்ந்து தட்டை இழுத்தேன். கருவேப்பிலைக்கு அடியில் ஒரு டிபன் டப்பா. திறந்தால் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். என்னால் குனிய முடியாது என்று தெரிந்தே அங்கே வைத்திருக்கிறார்கள்.

மேலே இங்கிலீஷில் என்னவோ பொடி எழுத்து. முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

எல்லாவற்றையும் உடைத்துப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். ஒன்றையும் விடவில்லை. கண்ணாடித் துண்டுகளை ஊசி டப்பாவிலேயே போட்டு, டேப் சுற்றி, ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வாங்கள் என்று இவரை அனுப்பினேன். இவர் நின்று, இதில் என்ன சத்தம் வருகிறது என்றார். ஊசி என்றேன்.

என் பிள்ளையை நான் காப்பாற்றிவிட்டேன்.

ஜூன் 14, சனி

நேற்றுப் பொழுதோட நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

மேனகா வந்ததும் பிரிட்ஜைத் திறந்தாள். அடித்தட்டை வெளியே எடுத்தாள். கத்திரிக்காய், முட்டைக்கோஸ், மாவுப் பாத்திரம் எல்லாம் தரைக்கு வந்தன. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பூபதி ஓடி வந்தான்.

"அம்மா, இதுக்குள்ள ஒரு டப்பா இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு. எல்லாத்தயும் தொட்டில ஊத்திட்டேன். உன்ன போலீசுல புடிச்சுக் குடுக்காம விட்டனே, அதுக்குச் சந்தோசப்படு."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "போலீசா? எதுக்குங்கம்மா?"

"ஏண்டா, ஒத்தப் புள்ளையப் பெத்து வளத்தது நீ ஊசி போட்டுக்கிட்டுச் சாகறதுக்கா?"

அவன் சிரித்தான். அழுதான். இரண்டும் ஒரே சமயத்தில். தரையில் இருந்தபடி மேனகா சொன்னாள்: "அது எனக்குங்க அத்தை."

"உனக்கா? உனக்கு என்ன அம்மிணி சீக்கு?"

பூபதிதான் சொன்னான். கோயமுத்தூரில் டெஸ்ட் டியூப் முறையில் குழந்தைக்குப் பார்க்கிறார்களாம். அதற்கான ஊசியாம், தினமும் ஒரே நேரத்தில் வயிற்றில் போட வேண்டுமாம், ஒரு நாள் விட்டால்கூட இதுவரை போட்டதெல்லாம் வீணாம். அந்த நேரத்துக்குத்தான் அவன் தினமும் ஓடி வந்தான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டிச் சாவியை எடுத்தான். கோயமுத்தூர் போய் வாங்கி வருவதற்குள் நேரம் தப்பிவிட்டது. அப்படியும் போட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டுதான்.

"என்ற டப்பால ஏம்மா போட்ட?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்க வாய் வந்தது, என்ன ஜென்மமோ நான்.

"குப்பைல போட்டா வண்டிக்காரம்மா கையில குத்தும்ங்க. உங்க டப்பா இருந்துச்சு."

ஜூன் 15, ஞாயிறு

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பூபதியைத் தனியாகக் கேட்டேன்.

"சொன்னா நீங்க எல்லாத்துக்கும் போன் பண்ணுவீங்கம்மா."

நான் யாருக்குப் போன் செய்தேன்? ஈரோட்டு நாத்தனாருக்கு மட்டும்தான் பேசுவேன். அவள் யாருக்காவது சொன்னால் அதற்கு நான் என்ன செய்வது? போன மாதம் ஏதோ வாய்தவறி, "எங்க வீட்டுத் தோட்டத்துல தண்ணி பாய்ச்சுனாலும் காய் புடிக்கல" என்று சொன்னேன். அதுகூட மேனகா சமையலறையில் இருக்கும்போது சொன்னேனா, கம்பெனிக்குப் போன பிறகா, ஞாபகம் இல்லை.

சமையலறையில்தான் இருந்தாள்.

ஒருத்தரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று மாரியம்மன் படத்தில் கை வைத்துச் சொன்னேன். பூபதி நம்பின மாதிரித் தெரியவில்லை. காலண்டரைக் கழற்றிப் பரணில் போட்டேன். இப்போது என்ன தேதி என்று இவர் நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 18, புதன்

மேனகாவுக்கு முட்டை எடுத்தார்களாம். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. என் மருமகள் என்ன கோழியா? இவரைக் கேட்டால், "அதெல்லாம் சயின்ஸு" என்றார். சோர்ந்துபோய் வந்து படுத்திருக்கிறாள். ரசம் வைத்துக் கதவருகே கொண்டுபோனேன். தட்டலாமா, வேண்டாமா என்று நின்றுவிட்டு ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு பார்த்தேன், டம்ளர் காலி.

ஈரோட்டு நாத்தனார் போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

இன்று கரு வைக்கிற நாள். விடிவதற்கு முன்னே கிளம்பினார்கள். "எதையும் தூக்காதீங்கம்மா" என்றான் பூபதி. மேனகா செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்தாள். நல்லபடியாகப் போய்விட்டு வா என்று சொல்லலாமா, சொன்னால் கண் பட்டுவிடுமா என்று யோசிப்பதற்குள் கார் போய்விட்டது.

இவர் காங்கேயத்தில் ஒரு கேதத்துக்குப் போயிருக்கிறார். நல்ல நாள் பார்த்துச் செத்தார்கள். வந்ததும் தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

தண்ணீர் வந்துவிட்டது. இன்று வருகிற முறையே இல்லை. விட்டால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது. இன்று வந்து படுக்கிறவள் நாளைக்குக் குடம் தூக்க வேண்டியிருக்கும். ரங்கநாயகியைக் கூப்பிட்டால் தூக்கித் தருவாள். ஆனால் முதல் கேள்வியே மேனகா எங்கே, லீவா, உடம்புக்கு என்ன என்பாள். எனக்குப் பொய் சொல்ல வராது, வாயைத் திறந்தால் எல்லாம் வந்துவிடும். பாதிக் குடம் பாதிக் குடமாகத்தான் எடுத்தேன். பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

தண்ணீர்த் தொட்டி நிறைந்தது. அண்டாவும் நிறைந்தது.

வீக்கம் உள்ளே போகவில்லை. படுத்துப் பார்த்தேன், காலை மடக்கிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஆனால் போய்விடும்.

பூபதி போன் செய்தான். இப்போதுதான் அவளை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்களாம். "உங்க குரல் ஏம்மா ஒரு மாதிரி இருக்குது?" என்றான். தூக்கக் கலக்கம் என்றேன்.

வாந்தி. காலையில் தின்ற இட்லி ஒத்துக்கொள்ளவில்லை.

கல் மாதிரி இருக்கிறது. அவர்கள் வந்துவிடட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

ஆஸ்பத்திரி. டைரியை இவர் கொண்டுவந்து கொடுத்தார். பேனாவை மறந்துவிட்டார். நர்ஸிடம் வாங்கி எழுதுகிறேன்.

அன்று அவர்கள் வந்தபோது நான் சமையலறைத் தரையில் கிடந்தேன். முதலில் பார்த்தது மேனகா. "அத்தை!" என்று ஓடி வந்து என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கக் குனிந்தாள். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "தொடாத! எட்டப் போ! என்னத் தொடாத!" என்று கத்தினேன். அவள் அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பூபதிக்குக் கோபம். "இப்பவும் ஏம்மா இப்படி?" என்றான். எனக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. அந்த நேரம் பார்த்து இவர் தலைமுழுகாமல் அப்படியே உள்ளே வந்தார். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து என்னைத் தூக்கிக் காரில் போட்டார்கள்.

குடல் அந்தச் சந்தில் மாட்டி நெரிந்திருந்ததாம். நல்லவேளை, கருகவில்லை. உள்ளே தள்ளி, வலை வைத்துத் தைத்துவிட்டார்கள். "இன்னுங் கொஞ்ச நேரம் போயிருந்தா வெட்டி எடுத்திருக்கணும். யார் உங்கள வீட்டுல உக்காந்திருக்கச் சொன்னது?" என்று டாக்டர் திட்டினார். உடனே வரச் சொல்லியிருந்தார்களே என்று நர்ஸும் திட்டினாள். நான் எல்லோருக்கும் தலையை ஆட்டினேன்.

மேனகா ஒரு தடவைகூட வரவில்லை. அலையக் கூடாதாம், பூபதி சொன்னான். அதுதான் காரணமா, இல்லை நான் கத்தியதா, தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஜூலை 2, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். இருமும்போது வயிற்றில் வைத்து அழுத்திக்கொள்ள ஒரு தலையணை கொடுத்திருக்கிறார்கள். மேனகா வாசலில் நின்று "வாங்கத்தை" என்றாள். அவ்வளவுதான். அவளும் தூக்கக் கூடாது, நானும் தூக்கக் கூடாது. வீட்டில் உள்ள இரண்டு ஆண்பிள்ளைகளும் குடம் தூக்கி வழியெல்லாம் சிந்துகிறார்கள். நான் வழுக்கி விழுந்தால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தலையணையை அழுத்திக்கொண்டேன். மேனகாவும் சமையலறையில் சிரித்த மாதிரி இருந்தது. சரியாகத் தெரியவில்லை.

ஜூலை 5, சனி

கரு நின்றிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். நாளைக்குத்தான் சொல்வார்களாம். பூஜை அறையில் விளக்கேற்றினேன். என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா நின்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

பூபதிக்குப் போன் வந்தது. மாடிக்குப் போய்ப் பேசினான். இறங்கி வரவே இல்லை. மேனகா மேலே போனாள், கொஞ்ச நேரத்தில் தனியாக இறங்கினாள். குளியலறையில் வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அப்புறம் நேராக என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"இல்லீங்க அத்தை" என்றாள்.

"நான் அன்னிக்குக் கொட்டுனதுனாலயா கண்ணு?"

"தெரியலீங்க. அதனால இல்லைன்னு டாக்டர் சொல்றாங்க. மொதத் தடவ நெறையப் பேருக்கு நிக்காதுங்களாம்."

"எட்டப் போன்னு கத்துனனே, அது…"

"அது எனக்கு அப்பவே புரிஞ்சுதுங்க. நீங்க போனதுக்கப்பறம் தொட்டியப் பார்த்தேன். அண்டாவப் பார்த்தேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்கள எவ தூக்கச் சொன்னா? செத்திருந்தா நான் என்னத்தப் பண்றது?"

மாமியாரை இப்படிப் பேசலாமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அழுதால் தையல் இழுக்கிறது. தலையணை அவளுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அவளே எடுத்து என் வயிற்றில் வைத்து, தன் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே அழுது முடித்தோம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், கதவருகே நின்றாள். கொஞ்ச மாசம் கழித்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்கிறார்களாம்.

"அப்ப ஊசிய நீங்க போட்டு விடுங்க அத்தை. உங்க பையனுக்குக் கை நடுங்குது. எனக்குத் தெனமும் வலிச்சுது, அவருகிட்டச் சொல்லல."

சரி கண்ணு, எனக்கு வலிக்காமல் போடத் தெரியும் என்றேன்.